காசா, தாயக்கட்டையா, சோழியா? கடற்கரைப் பள்ளிக்கு ஏற்ற நிகழ்தகவுச் சோதனை

ஒன்பதாம் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் வந்ததும் கணக்கு ஆசிரியர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, வேண்டிய நிகழ்ச்சி எத்தனை முறை நடந்தது என்று எண்ணி, அதை மொத்த முயற்சிகளால் வகுத்தால் பட்டறி நிகழ்தகவு கிடைக்கும். இதைப் பலகையில் எழுதிக் காட்ட ஐந்து நிமிடம் போதும். ஆனால் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று நினைத்தால், எதை எறிவது, எத்தனை முறை எறிவது, கிடைத்த எண்ணை எப்படி எழுதுவது என்ற மூன்றையும் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள நம் கரையோர ஊர்களில் இதற்குப் பொருள் பஞ்சம் இல்லை. பையில் ஒரு ரூபாய்க் காசு இருக்கிறது. பாட்டி வீட்டில் தாயக்கட்டை இருக்கிறது. பல்லாங்குழியோடு சேர்த்துப் போட்டு வைத்த சோழி இருக்கிறது. கைபேசியில் காசு சுண்டிக் காட்டும் செயலி இருக்கிறது. எதிரே கடலும் இருக்கிறது; இன்று அலை அடங்கியிருக்கிறதா, பொங்குகிறதா என்று தினமும் எழுதி வரலாம். என் தேர்வு சோழி. மற்றவற்றை ஏன் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன் என்பதையும், ஒவ்வொன்றும் எந்த இடத்தில் சோழியைவிட நன்றாகப் பயன்படும் என்பதையும் சொல்கிறேன்.

காசின் பெரிய பலம், அதைப் பற்றி உலகம் ஏற்கெனவே நிறைய எண்ணி வைத்திருப்பதுதான். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் ஒரு முகாமில் அடைபட்டிருந்த ஜான் கெரிச் என்ற கணிதவியலர் ஒரு காசை 10,000 முறை சுண்டிக் குறித்து வைத்தார். முதல் 100 முறையில் தலை விழுந்தது 44. முதல் 1,000 முறையில் 502. 10,000 முறையில் 5,067. இந்த மூன்று எண்களைப் பலகையில் எழுதி வைத்தாலே ஒரு முழு வகுப்பை நடத்தலாம். பாதியிலிருந்து விலகல் முதலில் 6 குறைவு, பிறகு 2 அதிகம், கடைசியில் 67 அதிகம். எண்ணிக்கையில் பார்த்தால் விலகல் வளர்ந்திருக்கிறது. விகிதத்தில் பார்த்தால் 44%, 50.2%, 50.67%. ஆயிரத்தில் இருந்ததைவிடப் பத்தாயிரத்தில் பாதியிலிருந்து சற்று விலகியே இருக்கிறது. "முயற்சி கூடக் கூட விகிதம் உண்மை மதிப்பை நெருங்கும்" என்று படித்த பிள்ளை இங்கே திகைக்க வேண்டும். அந்தத் திகைப்பு நல்லது. விகிதம் படிப்படியாக இறங்கி வந்து பாதியில் நிற்பதில்லை. அது ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஆடுவதற்குக் கிடைக்கும் இடம்தான் சுருங்கிக்கொண்டே போகிறது.

அந்த இடத்தின் அளவைச் சொல்ல ஒரு எளிய விதி உண்டு. முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, அதனால் 1-ஐ வகுக்க வேண்டும். 100 முயற்சிக்கு 10%, 400-க்கு 5%, 2,500-க்கு 2%, 10,000-க்கு 1%. பாதிக்குப் பாதி அளவில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு, இருபதில் பத்தொன்பது தடவை விகிதம் இந்த வரம்புக்குள் விழும். கெரிச்சின் மூன்று எண்களும் விழுகின்றன. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் உழைப்பை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த செய்தி அதுதான். சுவிஸ் கணிதவியலர் ஜேக்கப் பெர்னூலி, தான் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து 1713-இல் வெளிவந்த நூலில், இதையேதான் கணக்கிட முயன்றார். வெள்ளைக் கற்களும் கறுப்புக் கற்களும் 3-க்கு 2 என்று கலந்த பானையிலிருந்து கல் எடுத்துப் பார்த்து, விகிதத்தை ஐம்பதில் ஒரு பங்குப் பிழைக்குள், ஆயிரத்துக்கு ஒன்று என்ற உறுதியோடு சொல்ல 25,550 முயற்சி வேண்டும் என்று அவருக்கு விடை வந்தது. இன்றைய வழியில் கணக்கிட்டால் ஏறக்குறைய 6,500 போதும். அதுவே ஒரு வகுப்பறைக்கு மிக அதிகம்.

காசில் எனக்கு உள்ள மனக்குறை வேறு. விடை எல்லாருக்கும் முன்பே தெரியும். இருபத்தைந்து முறை சுண்டச் சொன்னால், 8 தலையிலிருந்து 17 தலை வரை எது வந்தாலும் இயல்புதான். நாற்பது பேர் வகுப்பில் ஓரிருவருக்கு அதற்கும் வெளியே போகும். ஆனால் 8 வந்த பிள்ளைக்குத் தான் தவறாகச் செய்துவிட்டோம் என்ற பயம் வந்துவிடுகிறது. கை தானாக 12 என்று எழுதிவிடுகிறது. விடை தெரிந்த சோதனை பிள்ளைகளை எண்ணிப் பார்க்கப் பழக்குவதில்லை, சரிக்கட்டப் பழக்குகிறது. காசிலும் தெரியாத ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது உண்மைதான்: சுண்டும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் விழும் வாய்ப்பு பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், 51% இருக்கலாம் என்று கணிதவியலர் பெர்சி டயகோனிசும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் எழுதினார்கள். 2023-இல் வெளியான பெரிய சோதனையில் 3,50,757 முறை சுண்டியதில் 50.8% வந்தது. ஆனால் இவ்வளவு சிறிய சாய்வைப் பிரித்துப் பார்க்க 15,000 முறைக்கு மேல் சுண்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அது கைக்கு எட்டாது.

கைபேசிச் செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு நொடியில் ஆயிரம் முறை சுண்டிக் காட்டும். வரம்பு சுருங்குவதைக் கண்ணால் காட்ட அது வசதி. ஆனால் நிரல் எழுதியவர் உள்ளே வைத்த எண்ணையே அது திருப்பிக் கொடுக்கிறது. எந்தப் பொருளைப் பற்றியும் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. காசுப் பாடத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

தாயக்கட்டை இதைவிட மிகச் சுவையானது. நான்கு நீளப் பக்கங்கள். 1, 2, 3 புள்ளிகள், ஒரு வெற்றுப் பக்கம். இரண்டு கட்டைகளை உருட்டினால் கூறுவெளியில், அதாவது வரக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பில், 16 விளைவுகள். இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு: பதினாறில் ஒன்று. ஒன்று வெற்று, மற்றது ஒரு புள்ளி என்றால் தாயம்: பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. மூன்று விழுவது பதினாறில் நான்கு. பாடநூல் கணக்கையும் கைக்கணக்கையும் ஒப்பிட இதைவிட நல்ல பொருள் கிடையாது. காசைப் போல இரண்டே விளைவோடு முடிந்துவிடுவதில்லை.

கட்டை உண்மையில் நேர்மையானதா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. 1894-இல் ஆங்கில உயிரியலாளர் ரஃபேல் வெல்டன் பன்னிரண்டு பகடைகளை 26,306 முறை உருட்டிக் குறித்த கணக்கு ஒன்று உண்டு. மொத்தம் 3,15,672 பகடை விழுச்சிகளில் ஐந்தோ ஆறோ விழுந்தவை 1,06,602. விகிதம் 0.3377, மூன்றில் ஒன்று என்றால் 0.3333 வந்திருக்க வேண்டும். புள்ளிகளுக்காகக் குடைந்த குழிகள் அதிகமுள்ள பக்கம் லேசாகி மேலே வருகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். நம் பித்தளைக் கட்டைகளிலும் புள்ளிகள் பொறித்தவையே. தலைமுறைகளாக உருண்டு விளிம்புகளும் மழுங்கியிருக்கும். சாய்வு இருக்கலாம். ஆனால் ஆயிரம் முறை உருட்டிவிட்டு "எங்கள் கட்டை நேர்மையானது" என்று எழுத முடியாது. பெரிய கோணல் எதுவும் கண்ணில் படவில்லை என்று மட்டும் எழுதலாம்.

தாயக்கட்டையில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. அதற்காகவே அதை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்வேன். ஆட்டத்தில் காய் இறங்கத் தாயம் விழ வேண்டும். ஆகவே பிள்ளைகளிடம் கட்டையைக் கொடுத்தால் இயல்பாகவே தாயம் விழும்வரை உருட்டிவிட்டு நிறுத்துவார்கள். நாற்பது பேரும் அப்படியே செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் உருட்டிலேயே தாயம் விழுந்தவர் 1/1 என்று எழுதுகிறார். நான்காவதில் விழுந்தவர் 1/4. பதினைந்தாவதில் விழுந்தவர் 1/15. நாற்பது விகிதங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எவ்வளவு வரும்? எட்டில் ஒன்று, 0.125, வரும் என்றுதான் தோன்றும். கணக்குப்படி ஏறக்குறைய 0.30 வரும். இரண்டு மடங்குக்கும் மேல்.

காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நாற்பது பேரில் ஐந்து பேருக்கு முதல் உருட்டிலேயே விழும்; அவர்கள் ஒவ்வொருவரும் முழு 1-ஐக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். இருபது முறை உருட்டிக் கை வலித்த பிள்ளை கொண்டுவருவது 0.05 மட்டும். அதிகம் உழைத்தவரின் சாட்சியம் குறைவாகவும், ஒரே உருட்டில் முடித்தவரின் சாட்சியம் மிகுதியாகவும் எடை போடப்படுகிறது. சரியான வழி, விகிதங்களைச் சராசரி எடுக்காமல், எல்லாத் தாயங்களையும் ஒரு பக்கமும் எல்லா உருட்டுகளையும் ஒரு பக்கமும் கூட்டி வகுப்பது. நாற்பது தாயம், ஏறக்குறைய 320 உருட்டு. எட்டில் ஒன்று திரும்பி வந்துவிடும். விழும்வரை எறிவது என்ற முறையே தவறு என்று நினைக்க வேண்டாம். அபூர்வமாக நடப்பவற்றை எண்ண அது நல்ல முறை. உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன், பின்னாளில் இந்தியாவுக்கு வந்து 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர், 1945-இல் இதற்கான கணக்கை எழுதினார். குறிப்பிட்ட எண்ணிக்கை நிகழும்வரை எறிந்தால், நிகழ்ந்த எண்ணிக்கையிலும் முயற்சிகளின் எண்ணிக்கையிலும் ஒவ்வொன்றைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். இருபதாவது தாயம் 150-ஆவது உருட்டில் விழுந்தால் 20/150 அல்ல, 19/149. கடைசி உருட்டு தாயமாகத்தான் முடியும் என்பது நாமே வைத்த நிபந்தனை. அதற்குச் சாட்சிய மதிப்பு கிடையாது.

எப்போது நிறுத்துவது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதற்கு இன்னொரு உதாரணம் ஊசிச் சோதனை. இணைகோடுகள் போட்ட தாளில் ஊசியை எறிந்து, கோட்டை வெட்டும் விகிதத்திலிருந்து பை (π) என்ற எண்ணின் மதிப்பைப் பெறலாம். 1901-இல் லாசரினி என்ற இத்தாலியர் 3,408 முறை எறிந்ததில் 1,808 வெட்டு விழுந்ததாகவும், பை 3.1415929 வந்ததாகவும் அறிவித்தார். ஒரே ஒரு வெட்டு குறைந்திருந்தால் 3.1433, ஒன்று கூடியிருந்தால் 3.1399. அத்தனை முறை எறிந்தால் விடை இயல்பாகவே 0.05 அளவுக்கு இங்கும் அங்கும் ஆட வேண்டும். ஆறு தசம இடம் சரியாக வருவது, நல்ல எண் வந்தபோது நிறுத்தியவருக்கே வாய்க்கும் என்று பலரும் ஐயப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் கருதுகிறேன். பிள்ளைகளிடம் எண்ணிக்கையை முதலிலேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு எறியட்டும்.

இனி சோழி. சோழிக்குப் பாடநூல் விடை கிடையாது. அதுதான் அதன் முதல் தகுதி. ஒரு பக்கம் பல் வைத்த வாய், தட்டையாக. மறுபக்கம் வழவழப்பான முதுகு, உருண்டையாக. விழுந்தால் வாய் மேலே இருக்கும் அல்லது முதுகு மேலே இருக்கும். "இரண்டே வாய்ப்பு, ஆகவே பாதிக்குப் பாதி" என்று வகுப்பில் பாதிப் பேராவது சொல்வார்கள். நிகழ்தகவில் மிகப் பரவலான பிழை இது. காசு அந்தப் பிழையை அம்பலப்படுத்தாது. காசில் அந்த விடை தற்செயலாகச் சரியாகிவிடுகிறது. சோழிதான் கேள்வி கேட்கிறது: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாதபோது ஏன் சமமாக விழ வேண்டும்? சமச்சீர் இல்லாத பொருளில் உட்கார்ந்த இடத்திலிருந்து விடை சொல்ல முடியாது. எறிந்துதான் பார்க்க வேண்டும். ஆசிரியருக்கும் விடை தெரியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்ததும் அவர்கள் எண்ணும் முறையே மாறிவிடுகிறது. சரிக்கட்ட எந்த எண்ணும் முன்னால் இல்லை.

இரண்டாவது தகுதி, அந்த எண் தெரிந்தால் பயன் இருக்கிறது. ஆறு சோழி போட்டுத் தாயம் ஆடும்போது வாய் மேல் நோக்கியவற்றை எண்ணும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்று மட்டும் வாய் காட்டினால் தாயம். ஒரு சோழி வாய் காட்டும் நிகழ்தகவு 0.5 என்றால் தாயம் விழும் நிகழ்தகவு 9.4%. 0.4 என்றால் 18.7%. 0.6 என்றால் 3.7%. சோழியின் வடிவத்தில் இருக்கும் சிறு சாய்வு, ஆட்டத்தில் ஐந்து மடங்கு வேறுபாடாக வந்து நிற்கிறது. ஒரு வீட்டுச் சோழியில் தாயம் சீக்கிரம் விழுகிறது, இன்னொரு வீட்டுச் சோழியில் விழவே மாட்டேன் என்கிறது என்று பிள்ளைகள் சொல்வது வெறும் பேச்சாக இருக்க வேண்டியதில்லை.

சோதனையை எப்படி அமைப்பது என்பதில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். எறியும் கையும் விழும் தரையும் சேர்ந்ததுதான் அந்த நிகழ்தகவு. சோழிக்குள் மட்டும் அது இல்லை. சிமெண்டுத் தரையில் சோழி துள்ளி உருண்டு அடங்குகிறது. கடற்கரை மணலில் விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கிறது. பாயில் இரண்டுக்கும் நடுவே. ஆகவே ஒரே தரை, ஒரே உயரம், சிரட்டையில் போட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பது என்று ஒரே முறை. சுவரில் சாய்ந்து நின்றால் கணக்கில் எடுப்பதில்லை என்பது போன்ற விதிகளை எறியத் தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும். சந்தேகமான விழுச்சியை விழுந்த பிறகு தீர்ப்புச் சொன்னால், நமக்குப் பிடித்த பக்கத்துக்கே தீர்ப்பு சாயும்.

ஒவ்வொரு சோழிக்கும் மையால் ஓர் அடையாளம் இட வேண்டும். பருத்த சோழி ஒரு விதமாகவும் சிறியது வேறு விதமாகவும் விழலாம். சில வீடுகளில் நன்றாக உட்காரட்டும் என்று முதுகைத் தேய்த்தும் வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கொட்டினால் எந்தச் சோழியையும் குறிக்காத ஒரு சராசரிதான் மிஞ்சும். அதற்காக வித்தியாசங்களை அவசரப்பட்டு நம்பிவிடவும் கூடாது. ஒரு குழுவின் சோழி 100-இல் 38 முறை வாய் காட்டியது, அடுத்த குழுவின் சோழி 47 முறை காட்டியது என்றால் இரண்டும் வேறு குணமுள்ளவை என்று சொல்லலாமா? தனித்தனியே வரம்பு 10%. வித்தியாசத்துக்கு வரம்பு ஏறக்குறைய 14%. 9% அதற்குள் அடங்கிவிடுகிறது, சொல்ல முடியாது. தலா 400 முறை எறிந்த பிறகும் அதே 9% இடைவெளி இருந்தால் வரம்பு 7% ஆகிவிடும். அப்போது சொல்லலாம்.

சோழியை எங்கே பெறுவது என்பதற்கும் ஒரு வார்த்தை. வீட்டில் கிடக்கும் பழைய சோழியே நிறைய இருக்கும். கடலில் இறங்கி உயிருள்ள சோழியை எடுத்து வரப் பிள்ளைகளைத் தூண்ட வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. அங்கிருந்து எதையும் அள்ளி வரக் கூடாது என்பதையும் இந்தப் பாடத்தோடு சேர்த்தே சொல்லிவிடலாம். சோழி கிடைக்காத வீட்டில் புளியங்கொட்டை உண்டு. ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினால் சோழியின் வேலையை அது செய்யும். எவ்வளவு ஆழமாகத் தேய்க்கிறோமோ அதற்கேற்ப விகிதம் மாறலாம் என்பதால், நிகழ்தகவைத் தாங்களே செதுக்கிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு அது சோழியைவிட நல்லது.

கிடைத்த எண்ணை எப்படி எழுதுவது? வெறும் விகிதம் ஒரு வழி. பிரெஞ்சுக் கணிதவியலர் லாப்லாஸ் சொன்ன வழி இன்னொன்று: நிகழ்ந்த எண்ணிக்கையோடு 1-ஐயும் முயற்சிகளோடு 2-ஐயும் கூட்டி வகுப்பது. மூன்றாவது, விகிதத்தோடு வரம்பையும் சேர்த்து எழுதுவது. ஒரு சோழியை மூன்று முறை எறிந்து மூன்றிலும் வாய் விழுந்தால் வெறும் விகிதம் 1 என்கிறது; முதுகு விழவே விழாது என்று அதற்குப் பொருள். லாப்லாஸ் வழி 4/5 என்கிறது. குறைந்த சாட்சியத்துக்கு அது அடக்கமான பதில். ஆனால் ஆயிரத்தில் 430 என்றால் முதல் வழி 0.430, இரண்டாவது 0.4301. வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஆகவே வகுப்பறையில் நான் மூன்றாவது வழியையே வற்புறுத்துவேன். நாற்பது பேர் ஒரே சோழியை ஆளுக்கு 25 முறை எறிந்து 430 வாய் விழுந்திருந்தால், "43%, கூடினால் 46%, குறைந்தால் 40%" என்று எழுதட்டும். அந்த இரண்டு ஓரங்களையும் தாயக் கணக்கில் போட்டுப் பார்க்கட்டும்: அதே குணமுள்ள ஆறு சோழியில் தாயம் 12.7%-இலிருந்து 18.7% வரை எங்கும் இருக்கலாம் என்று வரும். பிறகு ஆறு சோழியையும் ஒன்றாகப் போட்டு நேரடியாக எண்ணிப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு சந்தேகங்கள் எழும். சோழிகள் ஒன்றோடொன்று மோதி விழுவதால் சார்பற்றவையாக இல்லாமல் இருக்கலாம். அல்லது ஆறும் ஒரே குணமுடையவையாக இல்லாமல் இருக்கலாம். மையால் இட்ட அடையாளம் அப்போது உதவிக்கு வரும்.

ஒருமுறைகூட நடக்காத நிகழ்ச்சிக்கு இந்த மூன்று வழிகளும் போதாது. நம் கரையில் அதற்குப் பொருத்தமான உதாரணம் வலம்புரிச் சங்கு. கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கும் தொழில் பழமையானது. வலம்புரி எவ்வளவு அபூர்வம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவர் 500 சங்கு பார்த்தார், ஒன்றுகூட வலம்புரி இல்லை என்று கொள்வோம். 0/500 என்று எழுதினால் வலம்புரியே உலகில் இல்லை என்றாகிவிடும். இங்கே மூன்றின் விதி உதவுகிறது: 3-ஐ முயற்சிகளால் வகுத்தால் 95% உறுதியோடு மேல் வரம்பு கிடைக்கும். 3/500, அதாவது 0.6%. "ஆயிரத்தில் ஆறுக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை" என்பதுதான் 500 சங்கு நமக்குச் சொல்லக்கூடிய முழுச் செய்தி. லட்சத்தில் ஒன்றா, பத்து லட்சத்தில் ஒன்றா என்று அந்தக் குவியல் ஒருபோதும் சொல்லாது. அந்த 500-ஐ எங்கே பார்த்தார் என்பதும் முக்கியம். கடையில் கொட்டி வைத்த குவியலில் வலம்புரியைத் தேடினால் கிடைக்காது. கடலிலிருந்து வந்த அன்றே அது தனியாகப் பிரிந்து போயிருக்கும். யாரோ ஏற்கெனவே பொறுக்கிவிட்ட குவியல் கடலுக்கு ஒரு மாதிரி ஆகாது. அதில் எத்தனை ஆயிரம் எண்ணினாலும் கடலைப் பற்றித் தெரியாது.

கடைசியாகக் கடல். பிள்ளைகளுக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இதுதான்: நாளை வள்ளம் இறங்குமா? தினமும் எழுதி வைத்து, இறங்கிய நாட்களை மொத்த நாட்களால் வகுத்துவிடலாமே என்று தோன்றும். முதல் சோதனையாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன், கேள்வி உயர்ந்தது என்றாலும். சோழியை மறுபடி எறியும்போது முந்தைய விழுச்சியை அது நினைவில் வைத்திருப்பதில்லை. காற்று வைத்திருக்கிறது. கச்சான் காற்று எழுந்தால் ஒரு நாளோடு அடங்காது. நேற்று பொங்கிய கடல் இன்றும் பொங்குவதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே தொண்ணூறு நாள் குறிப்பு என்பது தொண்ணூறு தனித்தனி முயற்சி ஆகாது. அதன் உண்மை மதிப்பு அதைவிடக் குறைவு. வர்க்கமூல விதியை அப்படியே போட்டால் நமக்கு இல்லாத உறுதியை நாமே கற்பித்துக்கொள்வோம்.

இடமும் பருவமும் வேறு. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் அலை ஓங்கியிருக்கும். பாக் நீரிணைப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் இது தலைகீழாகும். பாம்பன் தீவில் நிற்பவர் எந்தக் கரை, எந்த மாதம் என்று சொல்லாமல் "கடல் கொந்தளிக்கும் நிகழ்தகவு" என்று ஓர் எண்ணைச் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. வள்ளம் இறங்கவில்லை என்பதற்கும் காரணம் எப்போதும் கடலாக இருப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பது சட்டத்தால். நாட்டுப்படகுகள் அப்போதும் போகும். திருவிழாவுக்காக ஊரே தொழிலுக்குப் போகாத நாளும் உண்டு. காற்றைக் கேட்கிறோமா, தொழிலைக் கேட்கிறோமா என்று முதலில் பிரித்தாக வேண்டும்.

சோழியில் ஒரு வாரம் பழகிய வகுப்பு இதைத் தாங்கும். அதன் பிறகு பாக் நீரிணைப் பக்கம் தேவிபட்டினத்துப் பள்ளி ஒன்றும் மன்னார் வளைகுடாப் பக்கம் கீழக்கரைப் பள்ளி ஒன்றும் பேசி வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில், காலை பள்ளி தொடங்கும் முன், தத்தம் கரையைப் பார்த்து எழுதலாம். நோட்டில் நான்கு பத்தி போதும்: தேதி, காற்று வரும் திசை, அலை அடங்கியதா பொங்கியதா, நேற்று எப்படி இருந்தது. அடங்கியது என்று எதைச் சொல்வது என்பதை இரண்டு பள்ளியும் முதல் நாளே ஒத்துக்கொள்ள வேண்டும். கரையோரம் நட்ட ஒரு கம்பில் போட்ட குறி அதற்குப் போதும். கடைசிப் பத்திதான் முக்கியமானது. நேற்று பொங்கிய நாட்களை மட்டும் தனியே பிரித்து, அவற்றில் எத்தனையில் இன்றும் பொங்கியது என்று எண்ணினால், வள்ளம் இறக்குகிறவர்கள் உண்மையில் கேட்கும் கேள்விக்கான எண் அதில்தான் வரும். ஜூலையில் எழுதியதை ஜூலையோடும் டிசம்பரில் எழுதியதை டிசம்பரோடும் மட்டுமே கூட்ட வேண்டும். ஓராண்டுக் குறிப்பு ஒரு மாதத்துக்கு முப்பது நாளைத்தான் தரும் என்பதால், இந்த நோட்டை அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.